ஓர் இம்மியின் விலை: தொடக்கநிலைக் கடைசல்காரர்க்கான அளவைக் கருவிகள்



இவ்வவையின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கியம், இலக்கணம், கல்வெட்டு எனப் பேசிச் சென்றோரே மிகுதி. எண்ணெய்க் கறை முழுவதும் போகாத விரல்களோடு ஒருவன் இங்கு வந்து நிற்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். நான் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்தோர் ஆண்டுகள் கற்பித்தவன். பணி ஓய்வுக்குப் பின் ஈப்போவில் என் வீட்டுப் பின்கட்டில் சிறிய கடைசல் பொறி ஒன்றை நிறுவினேன். பழைய தோட்டங்களில் ரப்பர்த் தாள் உருட்டப் பயன்பட்ட மங்கிள் இயந்திரங்களைத் தேடிப் பிடித்துப் பழுது பார்ப்பது என் பொழுதுபோக்கு. பட்டறைக்காரர் 'லேத்' என்பதைத்தான் கடைசல் பொறி என்கிறேன். கடைதல் நம் பழைய வினைச்சொல். அதனை இரும்புக்கும் உரிமையாக்கிக் கொள்வதில் தவறில்லை.

பலதொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் பயிலும் இளைஞர் சிலர் என் பட்டறைக்கு வருவதுண்டு. அவர்கள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "ஐயா, அளப்பதற்கு எதை வாங்குவது? எவ்வளவு செலவாகும்?" இக்கேள்விக்கு விடை சொல்லவே இன்று வந்தேன். ஆயினும் கருவியில் தொடங்காமல் மரத்தில் தொடங்க இசைவளியுங்கள்.

நம் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கிறது. மரத்தைக் கண்டபடி கொத்திப் பால் வடிக்காமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த ஹென்றி ரிட்லி வகுத்தார். அம்முறையின் உயிர் அளவில் இருக்கிறது. பால் ஊறும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், கேம்பியம் என்னும் வளர்படலத்தை நெருங்க நெருங்க அடர்ந்திருக்கும். உளி அப்படலத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் முன்பாக நின்றுவிட வேண்டும். தாண்டினால் மரம் காயப்படும். காயம் ஆறுகையில் பட்டை முண்டும் முடிச்சுமாகத் திரண்டு, அடுத்த சுற்றில் உளி வைக்க இடந்தராது. முன்னதாகவே நின்றுவிட்டால் பால் குறையும். ஒவ்வொரு வெட்டிலும் சீவி எடுக்கும் பட்டையின் கனமும் ஏறத்தாழ அவ்வளவே.

என் தாயார் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். பெரட்டு முடிந்து, விடியுமுன், நெற்றி விளக்கின் மங்கிய ஒளியில், நிரையிலிருந்த சில நூறு மரங்களுக்கும் அந்த ஒரு மில்லிமீட்டரை அவர் காத்தார். அளவுகோல் ஏதும் அவரிடம் இல்லை. அளவு மணிக்கட்டில் இருந்தது. தோட்டப்புறத்து மக்களைக் கல்லாத கூலிகள் என்று எழுதிச் சென்ற நூல்களைப் படிக்கும்போதெல்லாம் அந்த மணிக்கட்டு என் நினைவுக்கு வரும்.

பால் வாளிகளைக் காண்டாவில் சுமந்து ஸ்டோருக்கு வந்ததும் வேறோர் அளவை தொடங்கும். பாலில் எவ்வளவு நீர், எவ்வளவு காய்ந்த ரப்பர் என்று காண மெட்ரோலாக் எனப்படும் மிதவைக் கோலை அதில் விடுவார்கள். கோல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே கணக்கு. பல தோட்டங்களில் கூலியும் அந்தக் கணக்கை ஒட்டியே நின்றது. பாலின் சூட்டுக்கும் அதில் கலந்த நீருக்கும் ஏற்ப அக்கோலின் நிலை மாறும். அது என் தாயாருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தம் பால் கெட்டி என்று அவர் உணர்ந்த நாள்களிலும் கோல் வேறு சொன்னது. "கம்பி பொய் சொல்லுது" என்பார் வீட்டில். கோல் பொய் சொன்னதா, படித்தவர் பிழையாகப் படித்தாரா, தாயாரின் உணர்வே தவறா என்பதை இன்று என்னால் கூற இயலாது. அவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கோல் இல்லை. நான் அளவைக் கருவிகளைப் பற்றி எண்ணத் தொடங்கியது அங்கிருந்துதான் என்று இப்போது தோன்றுகிறது.

என் தந்தையார் அதே தோட்டத்து ஆலையில் ஃபிட்டர். அவரிடம் ஒரு திருகு அளவி இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து மூர் அண்ட் ரைட் செய்தது. சுழியிலிருந்து ஓர் அங்குலம் வரை அளப்பது. அதன் புரியில் ஓர் அங்குலத்துக்கு 40 சுற்று. உருளையின் விளிம்பில் 25 பிரிவு. ஆகவே ஒரு பிரிவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டறையில் அதனைத் 'தௌ' என்பார்கள். அக்கருவியின் மரப்பெட்டி மூடியின் உட்புறத்தில் தந்தையார் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: "1½ கூட. கழிக்க." சிறுவயதில் அது ஏதோ கடன் கணக்கு என்று எண்ணியிருந்தேன்.

அதன் பொருள் விளங்க எனக்கு அறுபது வயதாக வேண்டியிருந்தது. பொறி வாங்கிய புதிதில் நாற்பது ரிங்கிட்டுக்கு ஓர் எண்மக் காலிப்பரும் வாங்கினேன். திரையில் இலக்கங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு மங்கிளின் தேய்ந்துபோன வெண்கலப் புஷ்ஷை மாற்ற வேண்டியிருந்தது. உருளையின் தண்டை அளந்தேன், 25.38 மில்லிமீட்டர் என்றது திரை. எண்ணெய் நிற்க 0.04 இடைவெளி போதும் என்று கணக்கிட்டு, புஷ்ஷின் துளையை 25.42 என்று திரை காட்டும் வரை கடைந்தேன். பொருத்திப் பார்த்தால் தண்டு கிணற்றில் விட்ட வாளிபோல் ஆடியது. வெண்கலத் தடி மலிவான பொருளன்று; அரை நாள் உழைப்போடு அது குப்பையாயிற்று.

அன்று மாலை தந்தையாரின் பெட்டியைத் திறந்தேன். திருகு அளவியின் வாயைத் துடைத்து மூடிப் பார்த்தால், கோடு சுழியில் நிற்கவில்லை. ஒன்றரைத் தௌ தாண்டி நின்றது. மூடியில் எழுதியிருந்த கணக்கு அதுதான். தண்டை அளந்தேன்: 0.9995 அங்குலம். ஒன்றரைத் தௌ கழித்தால் 0.998. மில்லிமீட்டரில் 25.35. என் புதிய காலிப்பர் தண்டில் மட்டும் 0.03 மிகையாகக் காட்டியிருந்தது. துளையிலோ நேர்மாறு: உட்புற அலகுகள் விட்டத்தில் நில்லாமல் சற்றே விலகி நாணில் நின்றால் அளவு குறைவாகவே தெரியும்; குறைவாகத் தெரியவே நான் மேலும் கடைந்தேன். துளையின் உண்மை அளவு 25.47. ஆக 0.04 இருக்க வேண்டிய இடைவெளி 0.12 ஆகிவிட்டது. நாம் எழுதும் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்; அதற்குச் சற்று மேல்.

மாணவர்களே, இதில் நீங்கள் காண வேண்டியது பழையது நல்லது, புதியது தீயது என்பதன்று. தந்தையாரின் கருவியும் பிழையுடையதே. ஆனால் எத்துணைப் பிழை, எப்பக்கம் பிழை என்பதை அவர் அறிந்திருந்தார்; அறிந்த பிழையைக் கழித்துவிடலாம். என் கருவியின் பிழையை நான் அறியேன். ஒவ்வொரு முறை அளந்தபோதும் அது ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டியது, அதனால் நம்பினேன். பள்ளி இயற்பியலில் துல்லியத்தன்மை வேறு, நுட்பம் வேறு என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அந்த வேறுபாட்டுக்கு நான் கொடுத்த விலை ஒரு துண்டு வெண்கலம்.

இனிக் கடைக்குச் செல்வோம். கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு நல்ல கருவிக்குத்தான் போதும் என்றால், திருகு அளவியை வாங்குங்கள் என்பேன். பலர் காலிப்பர்தான் முதலில் என்பர். ஏனெனில் அது வெளிவிட்டம், உள்விட்டம், ஆழம் மூன்றையும் அளக்கும். அது உண்மை. மலிவான காலிப்பரும் ஒன்று வேண்டும்; தடி வெட்டவும் தோராயம் காணவும் அது போதும். ஆனால் கடைசலின் முடிவான அளவை அதனிடம் ஒப்படைக்கலாகாது. காரணத்தை 1890இல் செருமானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே தெளிவாக்கினார்: அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். திருகு அளவியில் பொருள் நிற்கும் கோட்டிலேயே திருகும் நகர்கிறது. காலிப்பரில் பொருள் அலகின் நுனியில். அளவுகோல் அதற்கு மேலே தண்டில். நகரும் அலகு இம்மியளவு சாய்ந்தாலும், நுனியில் அது பெருகித் தெரியும். கையின் அழுத்தம் மாறினால் அளவும் மாறும். திருகு அளவியிலோ ராட்செட் என்னும் கைப்பிடி, போதிய அழுத்தம் வந்ததும் கிறுகிறுவென நழுவி, என் கையையும் உங்கள் கையையும் ஒன்றாக்கிவிடும்.

எண்மத் திரை குறித்து ஒரு சொல். 0.01 மில்லிமீட்டர் வரை இலக்கம் காட்டுவது வேறு, அவ்வளவு சரியாக அளப்பது வேறு. பெயர்பெற்ற நிறுவனத்தின் 150 மில்லிமீட்டர் எண்மக் காலிப்பருக்கே உறுதி கூறப்படுவது கூட்டியோ குறைத்தோ 0.02 என்பதுதான். மலிவானவற்றில் பல, திரையை அணைத்த பிறகும் மின்கலத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வேலை செய்ய எடுக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் அது செத்திருக்கும். ஆகவே குறைந்த பணத்தில் காலிப்பர் வாங்குவோர்க்கு என் பரிந்துரை, திரையே இல்லாத வெர்னியர் அளவி. பிரெஞ்சுக் கணித அறிஞர் பியேர் வெர்னியர் 1631இல் வெளியிட்ட அந்த இரட்டைக் கோல் முறைக்கு மின்கலம் வேண்டா. படிக்கக் கண்ணும் பொறுமையும் வேண்டும். என்னைப் போன்று மூக்குக்கண்ணாடி அணிந்தோர் ஓர் உருப்பெருக்கியையும் சேர்த்து வாங்குக.

இன்னொன்று: புகழ்மிக்க ஜப்பானியப் பெயர்களைப் பொறித்த போலிக் காலிப்பர்கள் சந்தையில் உலவுகின்றன. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால், நம்பாதீர்கள். போலிப் பெயரைச் சுமந்த கருவியைவிடத் தன் சொந்தப் பெயரில் வரும் எளிய கருவி மேல்.

பழைய கருவிகளைப் பற்றி நான் சற்று விரிவாகவே பேசுவேன். அது எனக்குப் பிடித்த பகுதி. ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கூடும் பழம்பொருள் சந்தைக்குச் சென்றிருப்பீர்கள். பசார் காராட் என்கிறோம். கைக்கடிகாரம், நாணயம், பீங்கான் ஆகியவற்றுக்கிடையே சில நாள்களில் ஒரு திருகு அளவி கிடக்கும். ஆலைகளும் ஈயச் சுரங்கங்களும் மூடியபோது பட்டறைச் சாமான்கள் இப்படித்தான் கைமாறின. அங்குலக் கருவி என்று அதனை ஒதுக்காதீர்கள். பேராக்கின் பழைய இயந்திரங்கள் அங்குலத்தில் பிறந்தவை. பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு நிற்கும் ஈயம் வாரும் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. அதன் காலத்து இயந்திரங்களின் தண்டும் துளையும் மரையும் அங்குலக் கணக்கே. என் மங்கிளின் ஓர் அங்குலத் தண்டு புதிதாக இருந்தபோது 25.4 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் 0–25 மில்லிமீட்டர்த் திருகு அளவியின் வாய் 25ஐச் சற்றே தாண்டி நின்றுவிடும். அத்தண்டு அதற்குள் நுழையாது. தந்தையாரின் அளவிக்குள் நுழையும். இதற்காகவே அடுத்த அளவான 25–50 மில்லிமீட்டர்க் கருவியையும் வாங்க நேர்ந்தவர்கள் உண்டு.

சந்தையில் பழையதை எடுத்தால் என்ன பார்ப்பது? முதலில் வாயின் இரு முகங்கள். தூய வெள்ளைத் தாளை இடையில் மெல்ல இறுக்கி இழுத்தால் அழுக்கு தாளோடு வரும். பின்னர் மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒருபுறம் மூடி மறுபுறம் ஒளிக்கீற்று தெரிந்தால் முகம் தேய்ந்திருக்கிறது, வைத்துவிடுங்கள். சுழி விலகி நிற்பது குறையன்று. பெரும்பாலான கருவிகளில் சிறிய சாவியால் அதைத் திருத்தலாம். இயலாவிட்டால் என் தந்தையார்போல் எழுதி வையுங்கள். அடுத்து, திருகை முழு நீளமும் சுழற்றுங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால், நடுப்பகுதி மட்டும் தேய்ந்த கருவி அது. நாள்தோறும் ஒரே அளவுப் பொருளை அளந்த ஆலையிலிருந்து வந்திருக்கும். கெஞ்சினாலும் வாங்காதீர்கள். துரு சட்டத்தின் வண்ணத்தில் இருந்தால் பொறுக்கலாம். புரியில் இருந்தால் பொறுக்கலாகாது.

சுழி சரியாக நிற்பதால் மற்ற இடங்களிலும் அது சரியாக இருக்கும் என்று பொருளில்லை. இடையில் ஓர் அறிந்த அளவு வேண்டும். தொழிற்கூடங்களில் இதற்கென அளவுக்கட்டைகள் உண்டு. சுவீடன் நாட்டுப் படைக்கலச் சாலையில் பணிபுரிந்த யொகான்சன் என்பார் 1896இல் கண்ட எண்ணம் அது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி எந்த அளவையும் ஆக்கிக்கொள்ளும் எஃகுத் துண்டுகள். தொடக்கநிலையில் அப்பெட்டியை வாங்க வேண்டா. அதற்குப் பதிலாகப் பேரிங் கடைக்குச் சென்று 608 என்னும் எண்ணுள்ள சிறு பேரிங் ஒன்று கேளுங்கள். சிறுவரின் சறுக்குப் பலகைச் சக்கரத்தில் இருப்பது அதுவே. அதன் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். பொதுத் தரப் பேரிங்குக்கே அவ்வெளிவிட்டம் 22க்கு மேல் போகாது, 9 மைக்ரானுக்கு மேல் குறையவும் கூடாது என்பது விதி. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பேர்போன தயாரிப்பில் ஒன்று வாங்கிப் பெட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். திருகு அளவி அதனை 21.99க்கும் 22.00க்கும் இடையில் காட்டினால் அன்றைய வேலைக்கு அது நம்பத் தகுந்தது. சில ரிங்கிட்டுக்கு உங்கள் கையில் இன்னொரு கோல் வந்துவிடுகிறது. என் தாயாருக்கு அது கிடைத்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு.

இங்கே நம் ஊரின் வெயிலைச் சொல்லாமல் விடலாகாது. எந்தப் பொருளின் நீளமும் சூட்டோடு மாறும். ஆகவே எந்தச் சூட்டில் உள்ள நீளம் என்று ஒரு முடிவு வேண்டும். அனைத்துலக எடை அளவைக் குழு 1931இல் அதனை 20 பாகை செல்சியஸ் என வரையறுத்தது. ஈப்போவில் நண்பகலில் என் பட்டறை 32 பாகை. அச்சம் வேண்டா. எஃகுப் பொருளை எஃகுக் கருவியால், இரண்டும் ஒரே சூட்டில் இருக்க அளந்தால், இரண்டும் ஒருங்கே நீள்வதால் பிழை தானே கழிந்துவிடும். அலுமினியமாயின் கழியாது; அது எஃகைப்போல் இருமடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் அலுமினியத்தில் இந்த 12 பாகை வேறுபாடு ஏறத்தாழ 0.014 மில்லிமீட்டர் மிகையாய்க் காட்டும். இதைவிட நாள்தோறும் நேரும் பிழை ஒன்றுண்டு: கடைந்த சூட்டோடு அளப்பது. 25 மில்லிமீட்டர் எஃகுத் தண்டு அறையைவிட 30 பாகை சூடாக இருந்தால் 0.009 மில்லிமீட்டர் பருத்திருக்கும். சரியாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து கழற்றி வைத்தால், தேநீர் குடித்துவிட்டு வருமுன் இளைத்திருக்கும். எனவே தேநீரை முதலில் குடியுங்கள்.

ஈரமும் வியர்வையும் வேறு பகை. அளந்து முடித்ததும் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, வாயை இறுக்காமல் சிறிது திறந்தே பெட்டியில் வையுங்கள். இறுக்கி வைத்தால் இரு முகமும் ஒன்றோடொன்று துருவேறும். ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்கள் காலணிப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வருகின்றனவே, அவற்றை எறியாதீர்கள்.

மற்றவற்றை விரைந்து சொல்கிறேன். 150 மில்லிமீட்டர் எஃகு அளவுகோல் ஒன்று. செங்கோணம் பார்க்க ஒரு சிறு மூலைமட்டம். அதனைச் சோதிக்கக் கருவி வேண்டா, நேர்விளிம்பில் வைத்து ஒரு கோடு கீறி, திருப்பி வைத்து மறு கோடு கீறினால் இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் பயன்படும் இடைவெளித் தகடுகள். காந்தத் தாங்கியோடு ஒரு டயல் கேஜ். இது நீளத்தைக் காட்டாது, ஆட்டத்தைக் காட்டும். பொறியின் பிடியில் தடி நேராக நிற்கிறதா என்பதற்கு மலிவான டயல் கேஜே போதும். ஏனெனில் அங்கே நாம் ஒப்பிடுகிறோம், அளக்கவில்லை. சமதளத்துக்குக் கருங்கல் பலகை விற்கிறார்கள். கிந்தா பள்ளத்தாக்கின் இருபுறமும் கருங்கல் மலைத்தொடர்கள், நடுவே சுண்ணாம்புக்கல் குன்றுகள், சிம்பாங் பூலாயில் பளிங்கு வெட்டும் இடங்கள் என்று கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர் நமது. ஆனால் பளிங்கு மென்மையானது, கீறும், கருங்கல்லே உகந்தது. அது கைக்கெட்டும் வரை பத்து மில்லிமீட்டர்க் கண்ணாடிப் பலகை போதும்.

துளை அளக்கும் கருவிகளை உடனே வாங்காதீர்கள். வெண்கலத்தை வீணாக்கிய பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன்: ஒரு துண்டு எஃகைத் திருகு அளவியால் அளந்து 25.39க்குக் கடைந்தேன். அத்துண்டு எளிதாக நுழையும் வரை துளையைச் சிறிது சிறிதாகத் திறந்தேன். துளையை அளக்கவே இல்லை, புஷ் பொருந்தியது. தோட்டத்து ஆலையில் தந்தையாரும் அப்படித்தான் செய்வார் என்று பின்னர் அவருடன் பணிபுரிந்த ஒருவர் கூறக் கேட்டேன்.

மொழி அவையில் நின்றுகொண்டு சொற்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இறங்குவது முறையன்று. அளவுப்பெயரும் நிறைப்பெயரும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துகளில் தொடங்கும் என்று தொல்காப்பியம் கணக்கிட்டு வைத்திருக்கிறது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் பின்னங்களை முந்திரி, கீழ்முந்திரி, இம்மி என்று இறக்கிக்கொண்டே செல்கிறது. முந்திரி 320இல் ஒரு பங்கு. அதில் மீண்டும் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. ஓர் ஆர்வத்தால் அங்குலத்தை இப்படிப் பகுத்துப் பார்த்தேன்: அங்குலத்தில் ஒரு முந்திரி 0.08 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்று தௌ. ஒரு கீழ்முந்திரியோ கால் மைக்ரான். இம்மி அதற்கும் கீழே. இம்மி பிசகாமல் செய்தேன் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதனை மெய்ப்பிக்கும் கருவி என் பட்டறையில் இல்லை, ஈப்போவில் எந்தப் பட்டறையிலும் இராது.

இன்று நம் மாணவர் இக்கருவியைத் தமிழில் கற்பதில்லை. இடைநிலைப் பள்ளியில் அது தோலோக் ஸ்க்ரு மைக்ரோமீட்டர். சுழிப்பிழை ராலாட் சிஃபார். தமிழகத்துப் பாடநூலில் அது திருகு அளவி; அதன் மிகச் சிறிய பிரிவு மீச்சிற்றளவு; புரிக்குப் புரி உள்ள தொலைவு புரியிடைத் தூரம். இலங்கையில் நுண்மானித் திருகுக் கணிச்சி, இழிவெண்ணிக்கை, பூச்சிய வழு. மூன்று நாட்டிலும் கருவி ஒன்று. எந்தச் சொல் சிறந்தது என்ற வழக்கில் நான் இறங்கப் போவதில்லை. எனக்குத் திருகு அளவி போதும், சொன்னவுடன் கை திருகும் அசைவு அதில் இருக்கிறது. என் கவலை வேறு. பள்ளியில் மலாயில் படித்து, பட்டறையில் ஆங்கிலத்தில் கேட்டு, வீட்டில் தமிழில் சொல்ல வழியின்றி நிற்கும் இளைஞன், தான் செய்யும் வேலையைத் தன் பாட்டியிடம் விளக்க முடியாதவனாகிறான். மில்லிமீட்டரை மணிக்கட்டில் வைத்திருந்த பாட்டிக்கு அது விளங்காமல் போகாது. சொல்ல அவனிடம் சொல் இல்லை. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு திருகு அளவியைப் பள்ளிக்கு வாங்கி, மாணவர் தலைமுடியையும் தாளையும் அளந்து தமிழில் எழுதச் செய்யலாம். ஒரு பள்ளிக்கு ஒன்று போதும்.

செலவைக் கேட்டீர்கள். நான் இதுவரை சொன்னவற்றுள் திருகு அளவியைப் புதிதாக நூற்றுப்பத்து ரிங்கிட்டுக்கு வாங்கினேன். மற்றொன்று சந்தையில் முப்பதுக்குக் கிடைத்தது. வெர்னியர், மூலைமட்டம், டயல் கேஜ், இடைவெளித் தகடு, பேரிங் அனைத்தும் சேர்ந்து நல்ல கைப்பேசி ஒன்றின் விலைக்குள் அடங்கின. ஒரே நாளில் வாங்கவில்லை, இரண்டு ஆண்டுகளாயின. ஒவ்வொன்றையும் வாங்குமுன், இது இல்லாமல் எந்த வேலை நின்றுபோயிற்று என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அப்படி எந்த வேலையும் நின்றிராவிட்டால் வாங்கவில்லை.

மேடைக்கு வலப்புறம் உள்ள மேசையில் இவையெல்லாம் வைத்திருக்கிறேன். தந்தையாரின் அளவியும் அங்கே இருக்கிறது. மூடியிலுள்ள எழுத்து இன்னும் அழியவில்லை. அருகில் 608 பேரிங் இரண்டு, வெண்கலத் துண்டு ஒன்று. அந்தத் துண்டின் துளையை அளந்து, என்ன கண்டீர்கள் என்று தாளில் எழுதி வையுங்கள். பெயர் எழுத வேண்டா. எத்தனை பேர் எத்தனை விதமாக அளந்தீர்கள் என்று சேர்ந்து பார்ப்போம். வருமுன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். ராட்செட்டைப் பிடித்துத் திருகுங்கள், சட்டத்தைப் பிடித்துச் சுழற்றாதீர்கள்.